பிழை பிடிக்க வந்தவர்கள்

என் வலைப்பூவை முதல் ஐந்து மாதமும் வாசித்தது இரண்டே பேர். ஒன்று நான். மற்றது கண்டியில் என்னோடு ஒரே கந்தோரில் வேலைபார்த்த அக்குறணை ஊர்க் கைரியா. அவளும் என் முகத்துக்காக வாசித்தவள்தான்.

"இது என்ன மங்களம், கந்தோர்ச் சுற்றறிக்கையா? இத யாரு வாசிக்கிற?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வேண்டியது ஒரேயொரு வாசகன். என் தம்பி தேவராசா. 2006 ஐப்பசியில் கொக்குவில் வீட்டிலிருந்து சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்களோ, படகேறித் தப்பினானோ, ஒன்றும் தெரியாது. பிறகு நானும் வீட்டைப் பூட்டிவிட்டு, தரைப்பாதை மூடியிருந்ததால் கப்பலேறி, மாற்றலாகிக் கண்டிக்கு வந்துவிட்டேன். அவன் உயிரோடிருந்தாலும் என்னை எங்கே தேடுவான்? பெயர் போட்டுத் தேடினால் அவனுக்கே ஆபத்தான காலம். அதனால்தான் புனைபெயரில் ஊர்க்கதை எழுதினேன். கொம்பியூட்டர் என்றால் சோறு தண்ணி மறப்பவன், எங்கேயாவது ஒரு நெட் கடையில் அவன் கண்ணில் படாதா என்ற நப்பாசை.

ஒருநாள் அலுப்பில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்குத் தேங்காய்ப்பால் விட்டால் நல்லது என்று எழுதிவிட்டேன். யாரோ அதை நாலு பேருக்கு அனுப்பிவிட, மறுநாள் நாற்பத்துமூன்று பின்னூட்டங்கள்! ரொறன்ரோ, ஒஸ்லோ, டோஹா. "கூழுக்குத் தேங்காய்ப்பாலோ? நீர் யாழ்ப்பாணமே இல்லை!" என்று ஒருவர் குதித்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கறுப்பையா என்பவர், "எங்க வீட்ல கூழுன்னா கேப்பைதாங்க. ஆனா சண்டை நல்லாருக்கு, தினமும் வர்றேன்" என்று எழுதியிருந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. பிழை கண்டால் தம்பியால் சும்மா இருக்க முடியாது. அப்பாவின் மரண அறிவித்தலிலேயே பிழை பிடித்துத் திருத்தியவன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது எங்கள் ஆட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம் என்று வேண்டுமென்றே எழுதினேன். பச்சைப் பொய். கரியரில் இருந்தது அம்மாவின் தையல் மெசின்.

ஐயோ, வந்தார்கள் பாருங்கள்! ஆடு கரியரில் நிற்குமா, எப்படிக் கட்டினீர்கள் என்று முதலில் ஆளுக்காள் அடிபட்டார்கள். பிறகு தாங்கள் கொண்டுபோனதைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் கிணற்றுக் கப்பியைக் கழற்றிக்கொண்டு போனாராம். ஒருத்தி அரைத்துவைத்த தோசை மாவைச் சட்டியோடு மடியில் வைத்திருந்தாளாம். நான் ஒரு பொய் சொல்ல, உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து உண்மை எழும்பி வந்தது. இத்தனை பேரா எங்களோடு நடந்தார்கள் என்று எனக்கு மேல் புல்லரித்தது. கைரியாவும் மத்தியானச் சோற்றை மறந்து வாசித்தாள்.

நான்காம் நாள் அவள்தான் கத்தினாள்: "மங்களம், ஓடி வாங்க! இந்தாள் உங்களத் தெரிஞ்ச மாதிரி எழுதியிரிக்கி."

நூற்றுப்பன்னிரண்டாவது பின்னூட்டம். பெயர் இல்லை.

"ஆடில்லை, தையல் மெசின். ஆட்டை அவிட்டு விட்டிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டுமட்டும் அழுதது நீங்கள். இப்பவும் பொய்தானோ?"

அழுததை நான் எங்கேயும் எழுதவில்லை. கைரியா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றாள். மூன்றுதரம் அழித்து அழித்துத்தான் பதில் எழுத முடிந்தது.

"என்ர பிழைதான். சாப்பிட்டியோ?"