ஏழு மணி வண்டிக்கு உளுந்தங்களி

1.

இதைச் சமையல் குறிப்பாகத்தான் ஆரம்பித்தேன். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு முன்கூட்டியே செய்துவைக்கத் தக்க பலகாரம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் வேண்டும் என்று ஒரு மாதர் பத்திரிகை கேட்டிருந்தது. எழுதினேன்:

தோலோடு கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு.* தனித்தனியே வாசனை வர வறுத்து, மாவாகத் திரித்து, டின்னில் அடைக்கவும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, கெட்டிப் பாகாக்கிப் புட்டியில் ஊற்றிவைக்கவும். இரண்டும் பத்து நாள் தாங்கும். முதல் நாள் மாலையில் பாகும் மாவும் சேர்த்து, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி உருட்டிவைத்தால், காலையில்

அங்கே பேனா நின்றுவிட்டது. காலையில் அதை யார் தின்கிறார்கள் என்று யோசித்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நின்றபடியே தின்றாள். கையில் பூகோளப் புத்தகம். பக்கத்தில் அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் அரைப் பக்கத்தில் அடங்குகிறவர்களாகத் தெரியவில்லை. பத்திரிகைக்கு ரவை உப்புமாவை எழுதி அனுப்பிவிட்டேன்.

* அளவு பிசகாது. மற்றதற்கெல்லாம் நான் உத்தரவாதம் இல்லை.

2.

முதல் தொடக்கம்: 1934-ஆம் வருஷம், மாம்பலத்தில் புதிதாக

(அடித்துவிட்டேன். பஞ்சாங்கம் படிப்பதுபோல இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: மனைவி இறந்து ஒன்பது வருஷமான மாசிலாமணி

(இதுவும் வேண்டாம். வாசகர் இப்போதே மேல்துண்டைத் தேடுவார். இது அழுகிற கதை அல்ல.)

மூன்றாம் தொடக்கம்: மாசிலாமணி எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

இது நிற்கும். மேலே போகலாம்.

மாசிலாமணி எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். வீடு மாம்பலத்தில்; பட்டணத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்துவது உத்தியோகம். ஆகவே, மகள் சூடாமணி முதல் பாடத்திலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுகிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தபோது, அதையும் ஒரு பிழையாகவே பாவித்துக் காரணம் தேடினார். காரணம் பசி. மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் மாட்டுவண்டி ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்து, ஊரெல்லாம் சுற்றித்தான் போய்ச் சேரும். அத்தனை காலையில் பழையது அவளுக்கு இறங்காது. அடுப்பு மூட்ட அவருக்கும் நேரம் இல்லை. ஏழேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்துவைத்து வித்தை காட்டும் உத்தேசம் எனக்கில்லை. மயிலாப்பூரில் இருக்கும் அவருடைய அக்கா முத்தம்மாதான், தாயில்லாத குழந்தையை இரண்டு வருஷம் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள். அவளுக்கு மாசிலாமணி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சூடாமணி பெரியவளாகும் வரை படிப்பாள். ஆன அன்றே படிப்பு நிறுத்தம். அடுத்த தையில் முத்தம்மாவின் மகன் நாகராஜோடு கல்யாணம். சூடாமணிக்கோ வைத்தியம் படிக்க ஆசை.

3.

மாசிலாமணிக்குச் சிறு வயதில் தின்ற உளுந்தங்களி ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் அவர் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அக்காவை ஓலைக்குச்சு கட்டித் தனியே உட்காரவைத்திருந்தார்கள். தினமும் காலையில் அவளுக்குக் களி வரும். பாதியை அவள் தம்பிக்குக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, “அக்கா உடம்பு தேறணும்லா” என்றார்கள். உடம்பைத் தேற்றும் காலை உணவு என்று அப்போதே அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

வாசகர், குறிப்பாக வாசகி, இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பெண் பெரியவளானால் கிண்டும் களி அது என்று தெரியாத ஆண்பிள்ளை இருப்பானா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தெரிந்த மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் தங்கை, தமக்கைமார் பங்கில் களி தின்றவர்கள்தான். எதற்காகக் கிண்டினார்கள் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. மாசிலாமணியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வறுத்தார், திரித்தார், டின்னில் அடைத்தார். திங்கட்கிழமை காலை சூடாமணி உருண்டையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“யாருப்பா சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லல. எங்க அக்கா சின்ன வயசுல சாப்பிடுவா.”

வேறொன்றும் கேட்காமல் இரண்டு உருண்டை தின்றாள். (அவளுக்குத் தெரியுமா? மாசிலாமணியின் தலைக்குள் நான் தாராளமாகப் போய்வருகிறேன். அவள் தலைக்குள் போகவில்லை.) அந்த வாரம் முதல் பாடத்தில் அவள் தூங்கவில்லை.

4.

புதன்கிழமை, அடுத்த வீட்டுத் தேவானை சுவரோரம் கீரைக்கூடையோடு நின்றாள். மாம்பலத்துத் தோட்டத்தில் கீரை வாங்கி, மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பவள்.

“இன்னாண்ணே, மூணு நாளா களி வாசன தூக்குது.”

“பாப்பாவுக்குத்தாம்மா. உடம்புக்கு நல்லதாச்சே.”

“அதான பாத்தேன். ஒரு வார்த்த சொல்லலியே நீ. எப்போலேர்ந்து?”

“திங்கக்கிழமையிலேருந்து.”

“பொம்பள இல்லாத ஊட்ல நீயே கிண்டிக்கினு கீறியே, பெரிய மனசுண்ணே. எத்தினி நாளிக்கு?”

“நாள் என்ன கணக்கு? வருஷம் பூரா குடுக்கலாம்னு இருக்கேன்.”

தேவானை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “வருஷம் பூராவா. நல்லாக் குடுத்த போ. கொயந்த நல்லாருக்கட்டும்.”

தம் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று மாசிலாமணி நினைத்தார். தேவானை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தாள். அங்கே முத்தம்மா வாடிக்கையாகக் கீரை வாங்குகிறவள்.

5.

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் ஜட்கா நின்றது. முத்தம்மா இரண்டு தட்டுகளோடு இறங்கினாள். ஒன்றில் வெற்றிலை பாக்கு, பழம். மற்றதில் தாவணி.

“ஏலே, கீரைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அக்காளுக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரலியோ?”

“என்னக்கா தெரியணும்?”

“புள்ளைக்குக் களி கிண்டிக் குடுக்கியாமே.”

“அது காலைச் சாப்பாடுக்கா. பசிக்கு. ஞாயித்துக்கிழமை மாவு திரிச்சு வச்சிருவேன்.” டின்னை எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டினார்.

“ஊர் உலகத்துல எவனாவது பசிக்குக் களி கிண்டுவானால?”

அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீ குச்சுல இருந்தப்போ குடுப்பியே. அந்த ருசிதான் ஞாபகம் இருந்துது.”

“இருக்கும், இருக்கும். பதினாறு நாளும் என் பங்குல பாதி உனக்குத்தான. பதினேழாம் நாள் நீ பள்ளிக்கூடத்துக்குப் போன. எடுத்துக்கிட்டுப் போனது என் சிலேட்டு. எனக்கு இனிமே அது எதுக்குன்னு நம்மளப் பெத்த ஐயா உன் கையில குடுத்தாரு.” கோபமாகச் சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். “அதனால நான் ஒண்ணும் கெட்டுப்போகல. ஏட்டி சூடாமணி, இங்க வா. ஆச்சா, ஆகலயா? உள்ளதச் சொல்லு.”

தெருமுனையிலிருந்து வண்டிக்காரர் அன்வர் பாஷாவின் குரல் வந்தது. “பாப்பா, டைம் ஆவுது. மாடு நிக்க மாட்டேங்குது.”

6.

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) “இல்லை அத்தை” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். தட்டுகள் ஜட்காவில் திரும்பிப் போகின்றன. வாக்கு அப்படியே இருக்கிறது.

(ஆ) “ஆமாம் அத்தை. மூணு மாசம் ஆச்சு” என்கிறாள். அப்பா தலைகுனிகிறார். வண்டி அவளில்லாமல் போகிறது.

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் படிப்பு நிற்பதும் தொடர்வதும் அந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது என்று இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாசிலாமணியும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செய்தது இது:

மகளின் புத்தகப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார். “பதில் சொல்லாதம்மா. வண்டிக்குப் போ.”

“அப்பா...”

“போ. எந்தப் பதிலானாலும் நாளைக்கும் போவ.”

அவள் போனாள்.

“அப்ப நீ குடுத்த வாக்கு?” என்றாள் முத்தம்மா.

“தப்பாக் குடுத்துட்டேன். திருத்திக்கிடுதேன். அடிக்கணும்னா அடி, அக்கா.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் அசையவில்லை.

முத்தம்மாவை நடுக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். ‘இனி தம்பியும் இல்லை, தம்பி மகளும் இல்லை’ என்று அவள் ஜட்காவில் ஏறினால், வளர்த்தவளுக்கு அந்த நியாயம் உண்டு. உட்கார்ந்தாலும் நியாயம் உண்டு. எதை எழுதுவது என்று நீங்கள் கேட்பீர்கள். இவளுக்காக மற்றவர்கள் ஒரு முறை முடிவுசெய்து, கையிலிருந்ததை வாங்கி ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தாயிற்று. இரண்டாவது முறை நான் செய்வதாக இல்லை. நீங்களும் செய்ய வேண்டாம். அவள் யோசிக்கிறாள். நாம் பொறுத்திருப்போம்.