இன்னொரு தடவை

ஆவணப்படம் எடுக்கிறேன் என்றால் அவன் வீட்டில் யாருக்கும் விளங்காது. "சினிமாவா?" என்பார்கள். "இல்லை" என்றால், "அப்புறம் எதுக்கு?" என்பார்கள். அப்படிக் கேட்காதவள் அக்கா ஒருத்திதான். அம்மா போனபின் சோப்பு ஆலையில் வேலை பார்த்து அவனை ஆளாக்கியவள். முதல் கேமராவும் அவள் வாங்கித் தந்ததுதான்.

அந்த ஆலையை இழுத்து மூடிய அன்று, தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். கடைசி ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள்; கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள். அவனும் அழுதான், பொய் சொல்லக் கூடாது. அழுதபடியே கேமராவைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை. பதற்றத்தில் பொத்தானை இரண்டு முறை அமுக்கித் தொலைத்திருக்கிறான். ஓடத் தொடங்கியது உடனே நின்றும் போயிருந்தது.

"பதியலைக்கா. இன்னொரு தடவை... உள்ள போயிட்டு வர்றியா?"

அக்கா அவனையே பார்த்தாள். முகத்தைத் துடைத்தாள். காவலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள், திரும்பி வந்தாள், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது.

அந்த அழுகைதான் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. விருது, வெளிநாட்டுத் திரையிடல், சொந்தமாகப் படம் தயாரிக்கும் துணிச்சல், எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. "அந்தக் காட்சி எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்காத கூட்டமில்லை. "காத்திருக்கணும். வாழ்க்கை தானா வந்து கேமரா முன்னால நிக்கும்" என்பார் நம் ஆள், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு. கைதட்டல் கூரையைப் பிளக்கும். அக்கா மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. தலைவலி, வேலை என்று ஏதாவது சாக்கு. ஏன் என்று அவனும் கேட்கவில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன்!

அக்காவின் கணவர், அத்தான், மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது வெளியூரில் படப்பிடிப்பில் இருந்தான். போட்டது போட்டபடி கிளம்பினான். வழிநெடுக ஒரே நினைப்புதான்: அக்கா தன் தோளில் சாய்ந்து அழ வேண்டும், அதற்காவது தான் உதவ வேண்டும். அந்த ஆலை வாசலுக்குப் பிறகு அவள் தன் முன்னால் அழுததே இல்லை என்பது பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது. தன் மகனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோதுகூட, இவனைக் கண்டதும் டீ வாங்கி வர எழுந்து போனவள் அவள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளறையிலிருந்து அழுகை கேட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. ஆலை வாசலில் அவள் முதல் தடவை அழுதது இதே அழுகைதான். படத்தில் இருப்பது இது இல்லை; அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். விழுந்தடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான்.

அழுகை நின்றது. அக்கா நிமிர்ந்து முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் கொண்டு வரலைக்கா." "நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

"தெரியுதுடா." முகத்தை அழுத்தித் துடைத்தாள். "உக்காரு. சாப்பிட்டியா?"

"நீ அழு, அக்கா. என்னைப் பாத்து நிறுத்தாதே."

அக்கா முயன்றுதான் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"வரமாட்டேங்குதுடா. தப்பா நினைக்காதே, நீ கொஞ்சம் வெளிய இருக்கியா?"

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அழுகை மறுபடி தொடங்கியது.