உளுந்தஞ்சோறு, இரண்டாம் முயற்சி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. அறுபத்தாறாம் வருஷம் தாராவி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கோமதி பாதி சொன்னாள். மீதி என் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓயாத ஒரு பம்பாய் மாலையில், ஜன்னலோரம் ஒரு சிறுமி...’

வேண்டாம். மழையைக் கொண்டுவந்தால் எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். அன்று நல்ல வெயில்.

2

கோமதி தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலியைப் பார்த்ததில்லை. கணவன் வெயிலுமுத்து நாங்குநேரிப் பக்கம். தோல் பட்டறையில் வேலை. ஊரில் அவன் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். அக்கா மகளுக்குத் தகப்பனும் முன்பே இல்லை; அவளை ரயிலேற்றிக் கூட்டிவந்தான். ஏழு வயது. பெயர் பேச்சி.

[பேசாத குழந்தைக்கு இப்படியொரு பெயரை நானாக வைப்பேனா? கோமதி சொன்னது. மாற்ற மனம் வரவில்லை.]

வந்ததிலிருந்து பேச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. டீயில் பாவ் ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் தின்பாள். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர்.

“அரே, ஊர்ல அவ என்னதான் சாப்பிடுவா? யோசிச்சுச் சொல்லுங்களேன்!” என்று கணவனை உலுக்கினாள் கோமதி.

“உளுந்தஞ்சோறுன்னா உசுரு. எங்க அக்கா வச்சா நானே ரெண்டு தட்டு திம்பேன்.”

“எப்படிச் செய்யணும்?”

“எனக்கென்னளா தெரியும்? தட்டுல விழும், திம்போம்.”

3

இங்கே பக்கத்து வீட்டு நூர் நிஷா என்று ஒருத்தியை எழுதினேன். திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி. அவள் வந்து பக்குவம் சொல்லிக்கொடுக்க, சோறு மணக்க...

அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் கோமதி ஏன் அத்தனை தவிக்கிறாள்? (நூர் நிஷா, கோபிக்க வேண்டாம்.)

கோமதிக்குத் தெரிந்தது இட்லிக்குப் போடும் வெள்ளை உளுந்துதான். அதை ரேஷன் அரிசியோடு வேகவைத்தாள். பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலுமுத்து ஒரு வாய் வைத்தான்.

“போஸ்டர் ஒட்டலாம்ளா. அது கறுப்பால்லா இருக்கும்!”

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் மாதுங்கா மார்க்கெட்டுக்கு நடந்தாள். உடைத்த கறுப்பு உளுந்து கிடைத்தது. ஊறவைத்தாள், தொலி கறுப்பாக மிதந்தது. அழுக்கு என்று நினைத்து, குழாயடியில் இடிபட்டுப் பிடித்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினாள். மறுபடி வெள்ளையாகிறதே என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் குழந்தைக்கு அழுக்கையா போடுவது? கணவன் யோசித்து யோசித்துச் சொன்ன பூண்டையும் வெந்தயத்தையும் தேங்காயையும் சேர்த்து இறக்கினாள்.

4

பேச்சி முகர்ந்து பார்த்தாள். ஒரு விரலால் சோற்றைக் கிளறினாள். பிறகு அள்ளி அள்ளி...

இல்லை. தட்டைத் தள்ளிவிட்டாள்.

கோமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தொலிய ஏன் கழுவுனீய, அத்த?”

கோமதி வாசலைத்தான் முதலில் பார்த்தாள், யார் வந்தது என்று.

“எங்கம்ம கழுவமாட்டா. எள்ளுத் தொவையலும் வைப்பா. நீங்க அரைக்கவே இல்ல.”

[மாட்டா, வைப்பா என்றுதான் சொன்னாள், அம்மா இன்னும் இருப்பதுபோல. நான் திருத்தவில்லை.]

கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“சொல்லு கண்ணு, சொல்லு. இன்னும் என்னெல்லாம் தப்பு?”

“தேங்கா காணாது.”

“டீக் ஹை, நிறையப் போடுறேன். அப்புறம்?”

“பூண்டு வேகவே இல்ல.”

“ஐயோ, ஆமா. அப்புறம்?”

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பேச்சி தட்டைக் காலி செய்கிறாள். இன்னொன்றில் கோமதியை ‘அம்மா’ என்கிறாள். வெட்கப்பட்டு உடனே கிழித்தேன். அவளுக்கு அம்மா இருந்தாள், உளுந்தஞ்சோறு வைத்தாள்.

இனி இதில் நான் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் வெயிலுமுத்து வேலை முடிந்து சந்துக்குள் வந்துவிட்டான். வீட்டுக்குள்ளிருந்து குறை மேல் குறையாக ஒரு குரல் கேட்கிறது. அவன் அக்காவின் அதே இழுப்பு. கதவில் கை வைத்தபடி நிற்கிறான். அவனை உள்ளே அனுப்புவதை உங்களிடம் விடுகிறேன். அவசரமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்கட்டும்.