முன்னால் போன கைரேகைகள்

தங்கராஜின் கைரேகைகள் பத்தும் அவருக்கு நான்கு வருடம் முன்பாகவே கனடா போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றிடம் யாரும் விசா கேட்கவில்லை. அவை போனது தங்கராஜுக்கே தெரியாது என்றால், புனே சிஞ்ச்வட்டில் அவருடைய ஹவுசிங் சொசைட்டிக்காரர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகிற மனிதர் அவர்.

அவர் பார்த்த வேலை அப்படி. வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கேஜ் ரூமில், இருபத்தாறு வருடம். அளவுகளுக்கே அளவு சொல்லும் எஃகுக் கட்டைகள் அங்கே இருந்தன. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. வியர்த்த விரல் பட்டால் போச்சு, மறுநாள் அந்த விரலின் ரேகை துருவாக எழுந்து நிற்கும், கட்டை குப்பைக்குப் போகும். மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டார்கள். தங்கராஜுக்கு அது கௌரவக் குறைச்சல். காலையில் படிகாரத் தண்ணீரில் கை கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிக்கொண்டு வெறுங்கையால்தான் தொடுவார். அவர் தொட்டு ஒரு கட்டை துருப்பிடித்ததில்லை. தர அதிகாரி பத்மநாபன், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். இதில் மனிதருக்குப் பெருமை தலைக்கேறி, வீட்டிலும் கதவைத் துணியால் பிடித்துத் திறக்க ஆரம்பித்தார். பெட்டி என்கிற தன் மனைவியின் கையை, கல்யாணத்தன்று போதகர் பிடிக்கச் சொன்னபோது பிடித்ததோடு சரி.

பெட்டி, புனேயிலேயே கட்கி கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த நர்ஸ். கனடாவில், வின்னிபெக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டாள். கேஜ் ரூமை யார் பார்ப்பது என்று கேட்டார் தங்கராஜ். அவள் ஒரே ஒரு டிக்கெட் எடுத்தாள். கிளம்புகிற அன்று காலையில் அவரே லெமன் சாதம் கிளறி, தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்தார். மூடியை அழுத்தும்போது கண்ணீர் மறைத்தது, கை வியர்த்தது, துணியும் பக்கத்தில் இல்லை. பத்து விரலாலும் அழுத்தி மூடினார். ஏர்போர்ட்டில் மறுபடி கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் டிராலியைத் தள்ளினார். அவள் உள்ளே போகையில் தூரத்தில் நின்று கையை ஆட்டினார்.

வின்னிபெக்கில் பெட்டி டப்பாவைக் கழுவும்போது மூடியில் பத்து ரேகைகள் துரு நிறத்தில் இருந்தன. எவர்சில்வரில் ஏது துரு என்று இரண்டு வாரம் நார் போட்டுத் தேய்த்துப் பார்த்து, கை வலித்ததுதான் மிச்சம். கூட வேலை பார்க்கிறவர்கள் இந்திய டிசைன் என்று நினைத்துக்கொண்டார்கள். இங்கே புனேயில், ஆலை வாசலில் வருகைப்பதிவுக்கு விரல் வைப்பது போய் முகம் பார்க்கும் கேமரா வந்துவிட்டதால், தங்கராஜின் விரலை நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை. மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு அரைக் கப் அரிசி வடித்து, அதிலும் பாதி மிஞ்சியபோது அவருக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. பெட்டியிடம் போக வேண்டும் என்று அன்றுதான் விண்ணப்பம் போட்டார்.

ஒரு வருடம் கழித்து, முப்பது நாளுக்குள் கைரேகை, புகைப்படம் என்று பயோமெட்ரிக்ஸ் கொடுக்கவும் என்று கடிதம் வந்தது. கொடுக்காவிட்டால் ஃபைல் மூடப்படும், எல்லாம் முதலிலிருந்து. ஐந்தாம் நாளே விசா மையத்தில் நேரம் வாங்கினார். அடுத்தவர்களுடைய இயந்திரத்தைத் தொடப் போகிறோம், அழுக்குக் கையோடு போகலாமா என்று படிகாரம், ஸ்பிரிட், சாக்பீஸ் எல்லாம் போட்டுக்கொண்டு போனார். கவுண்டரில் ஸ்நேஹா என்ற பெண். புனேக்கு வெளியே கடக்வாஸ்லா பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் அவளுக்குத் தடுக்கித் தடுக்கித்தான் வரும். கண்ணாடியைத் துடைத்து, அவர் விரலைத் துடைத்து, நாலு தடவை பார்த்தாள்.

"அங்கிள், மெஷின்ல கை தெரியுது. ரேகை... குச் பி நஹீ. ஒண்ணுமே இல்ல."

பதினான்காம் நாள் படிகாரம் போடாமல் போனார். அன்றும் இல்லை. இருபத்தொன்பதாம் நாள் ஒரு நேரம் இருக்கிறது, அதுதான் கடைசி என்று ஸ்நேஹா எழுதிக் கொடுத்தாள். அவர் நேரே ஆலைக்குப் போய், கட்டைகளைச் சோதிக்கும் லென்ஸை எடுத்துத் தன் விரலைப் பார்த்தார். கட்டைகளுக்கும் விரலுக்கும் வித்தியாசமே இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்த வழவழப்பைப் பார்க்கப் பிடிக்காமல் லென்ஸைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வீடியோவில் பெட்டியிடம் சொன்னார். அவளுக்கு அப்போது காலை. வேலைக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மூடியைப் பார்த்தாள், அப்படியே கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இடது கட்டைவிரலில், பயிற்சிக் காலத்தில் அரம் கிழித்த தழும்புகூட இருந்தது.

"உங்க விரல் பூராவும் நாலு வருஷமா என்கிட்டதாங்க கெடக்கு," என்றாள் பெட்டி. "நாளைக்கே அனுப்புறேன். வந்ததும் தொடுங்க. துணி போட்டுத் தொடாதீங்க."

வெறும் டப்பாவாக அனுப்பியிருந்தால் பத்து நாளில் வந்திருக்கும். ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துப் பெட்டிக்குப் பழக்கமில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு அனுப்பிவிட்டாள். புனேயில் கிடைக்காத சர்க்கரையா, கனடாவிலிருந்து ஒரு கைப்பிடி எதற்கு என்று மும்பையில் பார்சல் சோதிப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாலு நாள் வைத்துச் சோதித்தார்கள். அது சர்க்கரைதான்.

இருபத்தொன்பதாம் நாள் காலை ஒன்பதரைக்கு டப்பா வந்தது, நேரம் பதினொன்றுக்கு. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் டிரெயினில் போனார். மையத்தின் வாசலில் காவலாளி, டப்பா உள்ளே போகாது என்று சொல்லிவிட்டார். ஆகவே படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். துண்டைப் பிரித்தார், மூடியைப் பார்த்தார், கை போகவில்லை. ரேகை திரும்பினால் கேஜ் ரூம் முடிந்தது. விசா வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அந்த அறைக்கு வெளியே அவரை யார் மதிப்பார்கள்? பயமாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்ததும், தன் கை கைக்குட்டைக்குள் இருந்ததும் நினைவுக்கு வந்தன. எவ்வளவு பெரிய மடையன் நான் என்று அவருக்கு அழுகை வந்தது. கை வியர்த்தது. பத்து விரலையும் அதனதன் இடத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது மூடி பளிச்சென்று இருந்தது. சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஸ்நேஹாவின் திரையில் பத்து விரலும் முதல் தடவையிலேயே விழுந்தன. சர்க்கரை ஒட்டியிருந்த கண்ணாடியை மட்டும் அவள் துடைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் தங்கராஜ் படிகாரத் தண்ணீரைத் தொடாமல் வேலைக்குப் போய் ஐம்பது மில்லிமீட்டர் கட்டையை வழக்கம்போல் எடுத்து வைத்தார். அடுத்த நாள் அதன்மேல் துரு நின்றது. பத்மநாபன் அதை லென்ஸில் வைத்துப் பார்த்தார்.

"இது யார் கை, தங்கராஜ்?"

"என் கைதான் சார்."

அன்றே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஐந்து மாதம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினார். அதற்குள் வீட்டில் சுவிட்சு, குழாய், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் துரு நிற ரேகைகள் பூத்தன. பிற்பாடு அங்கே குடிவந்த விச்சு குடும்பம் இரண்டு தடவை பெயின்ட் அடித்துப் பார்த்துவிட்டு, அது வீட்டோடு சேர்ந்தது என்று விட்டுவிட்டது.

விசா வந்தது. வின்னிபெக்கில் இறங்கியபோது பெட்டி கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள், இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். தங்கராஜ் போய் அவள் வலது கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார், கார் வரைக்கும் விடவில்லை. அவர் ஐந்து விரலும் அவள் புறங்கையில் இன்றைக்கும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற வேலை அவளுக்கு, போகவில்லை. ஆஸ்பத்திரியில் கைச்சுத்தம் பார்க்க வந்த அம்மாள் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கு இல்லை, கணவர் என்று எழுதிக்கொண்டு அடுத்த நர்ஸிடம் போனாள்.