ஒன்பது பேரும் ஒருமனதாக

1931இல் ராயபுரத்து ஆள் யார் மேலாவது வழக்கு நடந்தால், அவன் என்ன செய்தான் என்று ஊரில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஜூரியில் காங்கிரஸ் கதர் எத்தனை, சர்க்கார் பக்கத்துக் கோட்டு எத்தனை என்றுதான் கேட்பார்கள். எண்ணி முடித்ததும் தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த வருஷம் புளி மண்டி சுப்புராஜாகிய என்னையும் ஹைகோர்ட்டு ஜூரியில் உட்கார வைத்தார்கள். நான் கட்டுவது மில் வேட்டி, போடுவது கதர்த் துண்டு. எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் புளி விற்க வேண்டுமல்லவா?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கோதண்டத்தின் மேல் வழக்கு. கள்ளுக்கடை மறியலில் கல் எறிந்து ஒரு போலீஸ்காரரின் மூக்கை உடைத்துவிட்டானாம். அவன் மறியலுக்கே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தான். கூச்சல் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தவனைப் போலீஸார் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடை வாசலில் மீன் வறுத்து விற்கும் மங்கம்மா கூண்டில் ஏறி இதை அப்படியே சொன்னாள்.

"அது எங்க கல்லு வுட்டுச்சி, சாமி? உள்ள குந்திகினு மூணாவது மொந்தை குடிச்சிகினு இருந்திச்சி. நான்தான் வறுத்த மீனு எடுத்தாந்து குடுத்தேன்."

கோர்ட்டே சிரித்தது. நான் நம்பினேன். பொய் சொல்லிக் காப்பாற்ற வந்தவள், கோயிலில் இருந்தான் என்றல்லவா சொல்லியிருப்பாள்?

காரியத்தைக் கெடுத்தது கோதண்டத்தின் பெண்டாட்டி குப்பம்மா. ஜூரியில் நாலு கதர் இருப்பதாக முதல் நாளே தெருவில் எண்ணிச் சொல்லிவிட்டார்கள். அவள் யாரிடமோ இரவல் வாங்கிய கதர்ச் சட்டையை, ஜாமீனில் வந்திருந்த புருஷனுக்கு மறுநாள் மாட்டி அனுப்பினாள். தோள் கொள்ளாமல் அது பிதுங்கியது.

சாட்சியெல்லாம் முடிந்து, ஒன்பது பேரையும் தனி அறைக்கு அனுப்பினார்கள். கோட்டுக்காரர் நீலமேகம் முதலில் ஆரம்பித்தார்.

"சட்டையைப் பாத்தீங்களா? காங்கிரஸ்காரன். இவன் எறியாம வேற எவன் எறிவான்?"

கோட்டுகள் தலையாட்டின. கதர்க்காரர் கிருஷ்ணப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இவனா காங்கிரஸ்காரன்? மூணு மொந்தை குடிச்சிட்டு, கதரைப் போட்டுகினு நம்மளையே ஏமாத்த வந்துகிறான். உள்ளே தள்ளினாத்தான் புத்தி வரும்."

கதர்கள் இன்னும் வேகமாகத் தலையாட்டின. தெருவில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர்கள், கால் மணி நேரத்தில் சம்பந்தி ஆகிவிட்டார்கள். கல்லைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை.

"அந்த மீன்காரி சொன்னது..." என்று நான் இழுத்தேன்.

நீலமேகம் என் துண்டைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் என் வேட்டியைப் பார்த்தார். நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

ஒன்பது பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றோம். இரண்டு வருஷம் கடுங்காவல். வாசலில் நின்ற கதர்க் கூட்டம், சர்க்கார் ஜூரியை வளைத்துவிட்டது என்றது. கோட்டுக் கூட்டமோ, கதர்க்காரனைக் கதர்க்காரனே கைவிட்டான் பார் என்று கெக்கலித்தது. இரண்டு கூட்டமும் சட்டையைத்தான் பேசியது, கல்லை அல்ல.

மறுநாள் காலை குப்பம்மா என் கடைக்கு வந்தாள். எப்போதும் வாங்கும் அரை வீசைப் புளி கேட்டாள். நான் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"மொதலாளி, அது கல்லு வுட்டுச்சின்னு நீ நம்புனியா?"

"இல்லம்மா."

"அப்பால இன்னாத்துக்குக் கை தூக்குன?"

எனக்கு வெட்கமாக இருந்தது. தராசில் இன்னும் ஒரு கை புளியை அள்ளிப் போட்டேன். அவள் அந்த ஒரு கைப் புளியை மட்டும் எடுத்துத் திரும்ப என் புளிக் கூடையில் போட்டுவிட்டு, தன் அரை வீசையை முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள்.