மணியம்மாள் அடுக்களையில் முளைத்த கோல்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் இருந்த காலம். அவர்களில் ஒரு கப்பல் தச்சன் ஜப்பானிலிருந்து ஒரு மூங்கில் கன்றைத் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். குளிரில் ஆறே கல்லாக உறைந்துபோகும் தன் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் மூங்கில் வளர்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஊருக்குப் போகும் கப்பல் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கன்றைச் சடையனிடம் கொடுத்தான். ஊரில் அத்தனை பேர் இருக்கச் சடையனிடம் போய்க் கொடுத்தான் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

சடையன் நல்ல மீன்பிடிகாரன். மற்ற விஷயங்களில் மூளையைச் செலவு செய்வது அவனுக்குப் பிடிக்காது. குளிர்நாட்டுச் செடி நம் வெயிலுக்குச் சுருண்டுவிடும் என்று பயந்து, தொட்டியை உடைத்துக் கன்றைத் தோட்டத்தில் நட்டான். மேலே ஓலைப் பந்தல் போட்டான். ஈரத்துணி சுற்றினான். மத்தியானம் சாப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் இப்படி விசிறியதில்லை என்று அவன் பெண்டாட்டி காந்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம் ஊர் மூங்கில் நட்ட இடத்திலேயே புதராக நிற்கும். இது அந்த மாதிரி ஒழுக்கமான மூங்கில் இல்லை. மண்ணுக்கடியில் வேரை ஓட்டி, வேலியைத் தாண்டி, மழை விட்டதும் பக்கத்து வீட்டு மணியம்மாளின் முற்றத்தில் தலையை நீட்டியது.

மணியம்மாள் தனி ஆள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பாள். அதை முற்றத்தில் காயவைத்து விற்பாள். அந்த முற்றமும் அதை ஒட்டிய அடுக்களையும்தான் அவள் சொத்து. நான் மணியம்மாள் கட்சி, அதை மறைக்கப் போவதில்லை.

குருத்தைப் பிடுங்கக் குனிந்தவளைச் சடையன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தடுத்தான்.

“அக்கா! கைய வைக்காதே. அது என் கோலு.”

எங்கள் ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டுப் பாடு பிரிப்பார்கள். பாடு விழுந்தவன் அங்கே தன் மூங்கில் கோலை ஊன்றிவிட்டால், முறை மாறும்வரை அது அவன் இடம். அடுத்தவன் கோலைப் பிடுங்கினவனோடு யாரும் பேச மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

“இது இன்னா ஏரியாடா? என் வூட்டு வாசல்டா!”

“கோலு நிக்குதா இல்லியா?”

“சீட்டு எங்கடா போட்டாங்க?”

“ஆளு ஊணாம அதுவா வந்து நிக்குதே. சாமி போட்ட சீட்டுக்கா இது.”

வழக்கு பெரியதனக்காரர் பொன்னுரங்கத்திடம் போனது. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் வந்து பார்த்தார், தாடையைச் சொறிந்தார். கோல் நிற்கிறது, அது சடையனுடையது, பிடுங்கக் கூடாது. தானாக முளைக்கும் கோலைப் பற்றி முன்னோர் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. “கூட்டத்துல பேசிக்கலாம்மா” என்று நழுவிவிட்டார்.

அதற்குள் முற்றமெங்கும் குருத்து. சடையன் அவற்றின்மேல் வலையைக் காயப்போட்டான். இறாலுக்கு இடமில்லாமல் போனது. பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குருத்து தரையைப் பிளந்துகொண்டு வந்தது. சடையன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் உள்ளே நுழைந்து அதில் தன் துண்டை மாட்டினான். மணியம்மாள் அழுதேவிட்டாள். எனக்கு அவனை ஏரியில் தூக்கிப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் மணியம்மாளின் ஆடு முற்றத்துக் குருத்து ஒன்றைக் கடித்துத் தின்றது. சடையன் பெரியதனக்காரரிடம் ஓடினான்.

“நைனா, அந்த ஆட்ட ஊரவுட்டுத் தள்ளி வைக்கணும்!”

“ஆடு பிடுங்கலியேடா, தின்னுச்சு. தின்னக் கூடாதுன்னு எங்கடா சட்டம் கீது?” என்று எரிந்து விழுந்தார் பொன்னுரங்கம்.

பின்னாலேயே வந்திருந்த மணியம்மாள் அதைக் கேட்டாள். வீட்டுக்குப் போய் ஆட்டைப் பார்த்தாள். ஆடு நன்றாகத்தான் இருந்தது.

வழக்குக் கொடுத்தவர் வீட்டில்தான் கூட்டத்துக்குச் சாப்பாடு என்பது எங்கள் ஊர் வழக்கம். கூட்டத்தன்று மணியம்மாள் வேலிக்கு வெளியே தெருவிலேயே பந்தி போட்டு, பெரிய சட்டி நிறைய இறால் குழம்பு வைத்திருந்தாள். அதில் வெள்ளை வெள்ளையாக, வட்டம் வட்டமாக ஏதோ ஒரு காய். பொன்னுரங்கம் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். சடையன் சட்டியை வழித்தான்.

கை கழுவியதும் பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கோலு நிக்கிற எடம் கோல்காரனுக்கு. அத மாத்த என்னால ஆவாதும்மா. அடுக்களைய சடையன்கிட்ட வுட்டுடு.”

“வுட்டுடறேன். கோலு எங்க நிக்குதுன்னு காட்டுங்க.”

எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். முற்றத்தில் ஒரு குருத்துகூட இல்லை. அடுப்புக்குப் பக்கத்திலும் இல்லை. தரையோடு தரையாக அறுத்த அடிகள்தான் தெரிந்தன.

“இன்னாம்மா, பிடுங்கிட்டியா?”

“பிடுங்கல. வேரு அப்படியே கெடக்குது. அறுத்து, வேகவெச்சு, ரெண்டு தண்ணி வடிச்சுக் கொழம்புல போட்டேன். தின்னதெல்லாம் நீங்கதான். தின்னா தப்பில்லன்னு சொன்னதும் நீங்கதான்.”

கூட்டத்தில் யாரோ ஏப்பம் விட்டார்கள்.

“இப்ப கோலெல்லாம் உங்க வயித்துல கீது நைனா. கோலு இருக்கிற எடம் சடையனுக்குன்னா, இனிமே நீங்களும் சடையனுக்குத்தான்.”

சடையன் பெரியதனக்காரரின் தொந்தியை மேலும் கீழும் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் மெல்லப் பரவியது. அங்கே வலை காயப்போட முடியுமா என்று யோசித்திருப்பான்.

“எங்கடா பாக்குற?” பொன்னுரங்கம் சட்டென்று துண்டால் வயிற்றை மூடிக்கொண்டார். “ஏரிச் சட்டம் ஏரியோட சரி! தண்ணியில ஊணினாத்தான் கோலு. கரையில மொளச்சா காய்கறி. கூட்டம் முடிஞ்சுது, போங்க!”

மணியம்மாள் எச்சில் பாத்திரங்களைக்கூடக் கழுவவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு நேராகச் சடையன் தோட்டத்துக்குள் நுழைந்தாள். தச்சனுக்கு வேரோடு ஒரு கன்று மிச்சம் வைத்தால் போதும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெட்ட ஆரம்பித்தாள். தடுக்க ஓடிவந்த சடையன் பந்தலடியில் தயங்கி நின்றான். பிறகு அவளருகே போய்க் குந்தினான்.

“அக்கா, இந்த மூலையில பாரு,” என்றான் இறங்கிய குரலில். “இன்னும் எளசா கீது.”