பறவை இல்லாத டயல்

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மணி தெரிய வேண்டுமென்றால் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்த அவரை, மருமகன்கள் கூப்பிடுவது போல நாமும் மாமா என்றே சொல்லலாம். மாமா உடனே மணி சொல்லிவிட மாட்டார். முழங்கையை மடக்கி, சட்டைக் கையை மேலே தள்ளி, கண்ணைச் சுருக்கி டயலைப் பார்த்து, பிறகுதான் சொல்வார். அதற்குள் ஒரு நிமிஷம் கூடியிருக்கும்.

வேலை செய்த காலம் முழுவதும் அவர் ஒரு டாக்டரிடம் கார் ஓட்டினார். மூத்த பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் தன் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். நான் உன்னைக் கேட்டுக்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு அவர் வேறு கடிகாரம் கட்டவே இல்லை. பின் சீட்டில் இருந்தபடி மணி என்ன என்று கேட்பார், மாமா முன்னால் இருந்து சொல்வார். டாக்டர் காலமாகிப் பல வருஷங்களாகியும், யாராவது மணி கேட்டால் மாமாவின் முகம் ஒரு கணம் பின் சீட்டுப் பக்கம் திரும்பும்.

பெரிய மாப்பிள்ளை டைல்ஸ் கடையில் மேனேஜர். மனசு நல்ல மனசு, குரல்தான் பெரிசு. பதவி உயர்வு வந்த மகிழ்ச்சியில் அவர் ஒரு புதுக் கடிகாரம் வாங்கினார். மாமா கட்டியிருக்கும் அதே கம்பெனி, உலகத்துப் பணக்காரர்கள் கட்டுவது. அதைக் காட்டுவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்தார்.

அந்த டயலில் படிக்க ஏராளமாக இருந்தது. உச்சியில் இறக்கை விரித்த பறவை ஒன்று, உலோகத்தில் வார்த்துப் பதித்தது, விரலால் தடவினால் தட்டுப்படும் போலப் புடைத்து நின்றது. அதன் கீழே கம்பெனிப் பெயர், அதுவும் உலோகத்தில். கீழ்ப்பாதியில் மாடலின் பெயர், தானாக ஓடும் என்ற தகவல், துல்லியத்துக்கு யாரோ கொடுத்த சான்று, கடைசியாக முந்நூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்ற உறுதி. பெரிய மாப்பிள்ளை கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைந்ததும் திரும்பி ஓடிவருகிறவர். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அன்றிலிருந்து அவள் தன் பெண்களிடம் பேசும்போது பெரிய மாப்பிள்ளைக்கு முந்நூறு மீட்டர் என்று பெயர்.

சாப்பாடு ஆனதும் பெரிய மாப்பிள்ளை இரண்டு கடிகாரங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாமாவின் கடிகாரத்தில் டயல் பழுப்பேறியிருந்தது. மெல்லிய எழுத்தில், மையால் அச்சிட்ட பெயர் மட்டும். கீழ்ப்பாதி துடைத்துவிட்டாற்போல வெறுமையாக இருந்தது. பறவை இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே ஒரு கறை மட்டும் இருந்தது. பெரிய மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டைல்ஸ் வியாபாரத்தில் சரக்கின் பின்பக்க முத்திரையைப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லிப் பழகியவர். வாயை அடக்கும் பழக்கம் இல்லாதவர்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது டூப்ளிகேட். இந்தக் கம்பெனி பறவை இல்லாம ஒரு கடிகாரம் வெளியில விடுமா?"

மாமா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியா மாப்பிள்ளை என்றார். கடிகாரத்தைக் கையில் எடுத்தார், ஆனால் கட்டவில்லை. அலமாரி இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, பேரக்குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். நாக்கைக் கடவுள் பற்களுக்குப் பின்னால் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தாமதமாகத்தான் புரிகிறது.

அதன் பிறகு அந்த வீட்டில் மணி என்பதே இல்லாமல் போயிற்று. யாராவது கேட்டால் மாமா பழக்கத்தில் முழங்கையை மடக்குவார். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெரியலையே என்பார். சாயங்காலப் பிரார்த்தனையில் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து, உங்க மாமாவுக்குத் தெரியாம ஏதாவது பண்ணுங்க என்றாள்.

சின்ன மாப்பிள்ளை பெயர்ப்பலகை எழுதுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பலகைகளைப் பற்றித்தான் பேசுவார். சின்னம் இல்லாத பலகை தொப்பி இல்லாத போலீஸ்காரர் மாதிரி என்பது அவருடைய கொள்கை. காய்கறிக் கடைக்காரர் வெறும் பெயர் போதும் என்று சொன்னாலும், கேட்காமலே உச்சியில் ஒரு கத்தரிக்காய் வரைந்து அனுப்புவார். அவர் லென்ஸ் வைத்து டயலைப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கீழே இருந்த கறை கண்ணில் பட்டது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பறவை இருந்திருக்கிறது, வயசாகி உதிர்ந்துவிட்டது, இது அது ஒட்டியிருந்த பசையின் தடம். ஒரு நல்ல மனிதர் மேல் வீண் பழி விழுந்திருக்கிறது, அதைத் துடைக்கும் வேலையைக் கடவுள் தன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று அவர் மனதார நம்பினார்.

மாதிரிக்குப் பறவை வேண்டும். சகலையிடம் அவருடைய கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். பெரிய மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. மணிக்கட்டை மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு, சிரித்தபடி தன்னைத்தானே படம் எடுத்து அனுப்பினார். வெளிச்சம் பட்டு எழுத்தெல்லாம் வெள்ளையாகப் போயிருந்தது. ஆனால் பறவை தெளிவாக விழுந்திருந்தது. சின்ன மாப்பிள்ளைக்கு அது போதும்.

ரிப்பேர் கடைக்காரர் நண்பர் கடிகாரத்தைத் திறந்து டயலைக் கழற்றிக் கொடுத்தார். திறப்பதும் மூடுவதும் தன் பொறுப்பு, மற்றதெல்லாம் உன் பாடு என்று சொல்லிவிட்டார். சின்ன மாப்பிள்ளை தூரிகையின் ஒற்றை மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினார். ஆள் உயர எழுத்து எழுதும் கை, அரிசி அளவு இடத்தில் வெள்ளி வண்ணத்தால் இறக்கைக்கு இறகு இறகாக வரைந்தது. ஒரு பறவை முடிவதற்குள் அவர் மூச்சு விட்டது கொஞ்சம்தான்.

மாமாவிடம் கொடுத்தபோது, பறவை உதிர்ந்து உள்ளேயே கிடந்தது, திரும்ப ஒட்டியாச்சு என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் நீளமானது. மாமா டயலை வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்ன மாப்பிள்ளையின் சிவந்த கண்களைப் பார்த்தார். ரொம்ப நல்லாயிருக்கு மாப்பிள்ளை என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். அத்தை சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் பெரிய மாப்பிள்ளையின் கடிகாரப் பட்டை சற்றே தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய, வாங்கிய கடைக்கே போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பெனியின் பழைய கடிகாரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் பழுப்பு டயல், மெல்லிய எழுத்தில் வெறும் பெயர், கீழ்ப்பாதி வெறுமை. ஒன்றில்கூடப் பறவை இல்லை. பறவை, உலோக எழுத்து, ஆழக் கணக்கு எல்லாம் பின்னால் வந்த தலைமுறைக்குத்தான் என்று கடைப்பெண் விளக்கினாள். பெரிய மாப்பிள்ளைக்கு அந்த ஏ.சி. அறையிலும் வியர்த்தது. கூடத்தில் தான் சொன்ன ஒரு சொல்லும், மாமா அமைதியாக மூடிய இழுப்பறையும் நினைவுக்கு வந்தன. அத்தனை கடிகாரங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடத்தில் இருந்தபோது அவர் எழுந்து நின்றார். தப்பை உரக்கச் சொன்னவன் மன்னிப்பையும் உரக்கத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தார். தான் அவசரக்குடுக்கை என்றும், மாமாவினுடையது சுத்தமான அசல் என்றும் அறிவித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பழசுல பறவையே கிடையாது மாமா. பறவை இருந்தாத்தான் அது போலி. கொடுங்க, படத்தோட வச்சு எல்லாருக்கும் காட்டறேன்."

அத்தையின் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்தது. மாமா சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டார். கொஞ்ச நாளாகத் தோல் அரிக்கிறது, அதனால் மூடி வைத்திருக்கிறேன் என்றார். பெரிய மாப்பிள்ளை அப்படியானால் கழற்றுவதுதான் நல்லது என்றார். சின்ன மாப்பிள்ளைதான் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, அதுல பறவை இருக்கு. நான்தான் வரைஞ்சேன். மாமா, மன்னிச்சிடுங்க. ஒட்டினதா சொன்னது பொய்."

"தெரியும் மாப்பிள்ளை" என்றார் மாமா. "ஒவ்வொரு சிக்னல்லயும் பார்த்த டயலு. அதுல பறவை இருந்ததில்லன்னு எனக்குத் தெரியாதா? நீங்க கண்ணு சிவக்க உட்கார்ந்து வரைஞ்சிருக்கீங்க. அதைப் போய் வேணாம்னு சொல்வேனா?"

பிறகு பெரிய மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். டாக்டர் தனக்குப் போலியைக் கொடுத்துவிட்டார் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லையாம். எந்தக் கடைக்காரனோ அந்த நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டானே என்றுதான் இத்தனை நாளும் மனசு கஷ்டப்பட்டதாம். அந்தக் கடைக்காரனுக்காகவும் சேர்த்துத் தினமும் பிரார்த்தனை செய்தாராம். "ஐயா ஏமாறல. அது போதும்" என்று சொல்லி, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

சின்ன மாப்பிள்ளை பறவையை இன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுவதாகச் சொன்னார். மாமா சம்மதிக்கவில்லை. பாவம், வந்து உட்கார்ந்துவிட்டது, இருக்கட்டும் என்றார்.

அப்போதுதான் சட்டைக் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தைக் காட்டினார். பெரிய மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். தன் கடிகாரத்தில் பறவை வலப்பக்கம் பார்த்தது. மாமாவினுடையதில் இடப்பக்கம் பார்த்தது. தன்னைத்தானே எடுத்து அனுப்பிய படத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக, வலம் இடமாக மாறியிருந்தது அவருக்குச் சட்டென்று புரிந்தது. வாயைத் திறந்தார். எதிரே சகலை மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார். அத்தை கரண்டியை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

பெரிய மாப்பிள்ளை வாயை மூடினார். அது அவருக்கு முந்நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய் வருவதைவிடச் சிரமமான வேலை. பிறகு தன் சட்டைக் கையை இழுத்துப் புதுக் கடிகாரத்தை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"மணி என்ன மாமா?"

மாமா முழங்கையை மடக்கினார். கண்ணைச் சுருக்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.